இருட்டை அளக்க வந்தவர்கள்

ஜனவரி 27, வெள்ளி

நேற்று கிராமசபை முடிந்து, பொழுது சாய்ந்ததும் தெருவிளக்குகளுக்கு சுவிட்ச் போட்டேன். பிள்ளையார் கோயில் முக்கிலிருந்து ஓடைப் பாதை வரைக்கும் எல்லாம் ஒரே சமயத்தில் எரிந்தன. பெண்கள் கைதட்டினார்கள். நான் ஊராட்சித் தலைவராகி மூன்று வருடம். இந்த விளக்குக்காக ஒன்றிய அலுவலகத்துப் படிகளில் ஏறி இறங்கியது போதும் போதும் என்றாகிவிட்டது. ஓடைப் பாதையில் பொன்னுத்தாய் அக்காவைப் பாம்பு கடித்த அன்று அங்கே ஒரு விளக்கு இருந்திருந்தால் இன்றைக்கும் அவள் இருந்திருப்பாள். அவள் மகள் வேலுத்தாய் அந்தக் கடைசி விளக்கின் அடியில் நின்று அழுதாள். கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் மட்டும் வரவில்லை. ஊருக்கு மேலே பாறைக் கரட்டில், ராத்திரி ஆடு அடைக்கும் கிடையிலேயே இருந்துவிட்டார். காலையில் வந்ததும், "எப்படி இருந்துச்சு, மேல இருந்து பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேன். கண்ணு கூசுது. வானமே செத்துப்போச்சு" என்றார்.

ஊரே சந்தோஷப்பட்ட அன்றைக்கு இப்படிப் பேச ஒருவரால் முடிகிறது.

பிப்ரவரி 3, வெள்ளி

நாட்குறிப்பு எழுதச் சொல்லிப் பயிற்சியில் சொன்னார்கள். பெண் தலைவர்கள் நடந்ததை அன்றன்றே எழுதிவைத்துக்கொண்டால் யாரும் பிறகு மாற்றிப் பேச முடியாது என்றார்கள். அதனால்தான் இதையும் எழுதுகிறேன்.

இன்று ஒரு வேனில் ஆட்கள் வந்தார்கள். தலைவி மாதிரி இருந்தவள் பெயர் சுபத்ரா. முப்பத்தைந்து வயது இருக்கும். கூட தனசிங் என்று ஒரு ஆள், கருவிகளைப் பார்த்துக்கொள்பவன். ஏதோ வானியல் மையமாம். சமுதாயக்கூடத்தில் இரண்டு மாதம் தங்க அனுமதி வேண்டும் என்றார்கள்.

"என்ன வேலைக்கு வந்திருக்கீங்க?"

"இருட்டை அளக்கப் போறோம்மா. இந்தப் பக்கத்துல உங்க கரட்டு மேலதான் வானம் நல்லா இருட்டா இருக்கு. நட்சத்திரம் நிறையத் தெரியுது."

நிலத்தை அளக்க வருவார்கள், தண்ணீரை அளக்க வருவார்கள். இருட்டை அளந்து என்ன செய்வார்கள்?

ஆட்சியர் அலுவலகக் கடிதம் வைத்திருந்தார்கள். மறுக்க முடியவில்லை. சாவியைக் கொடுத்தேன்.

பிப்ரவரி 6, திங்கள்

துணைத்தலைவர் செல்லத்துரை அண்ணன் வந்தார். "தங்கச்சி, கரட்டு மேல முக்காலி மாதிரி ஒன்ன நட்டுவச்சிருக்காய்ங்க. நாலு பக்கமும் போட்டோ புடிக்காய்ங்க. வானத்தப் பாக்க வந்தவய்ங்களுக்குப் பாறையில என்ன சோலி?"

எனக்கும் அதுதான் தோன்றுகிறது. முன்பு மரம் நடுவதற்கென்று ஒரு கூட்டம் வந்தது. மோர் கொடுத்து உபசரித்தோம். மூன்று வருடம் கழித்துத் தெற்குச் சரிவு முழுக்கக் கம்பிவேலி. ஆடு உள்ளே போனால் அபராதம். அன்றைக்கும் வந்தவர்கள் சிரித்த முகத்தோடுதான் வந்தார்கள்.

ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வரவில்லை என்று ஒரு சண்டை. அதைத் தீர்ப்பதிலேயே பொழுது போனது.

பிப்ரவரி 9, வியாழன்

எதிர்பார்த்தது வந்துவிட்டது. சுபத்ரா வீட்டுக்கே வந்து, "விளக்கை எடுக்கச் சொல்லலைம்மா. மேல ஒரு தகர மூடி மட்டும் போட்டா வெளிச்சம் பூரா தரைக்கே விழும். பாதையும் நல்லாத் தெரியும், வானமும் கெடாது" என்றாள்.

"இன்னைக்கு மூடி போடுங்கம்பீங்க. நாளைக்கு அணைங்கம்பீங்க. அதுக்கப்பறம் கரட்டுப் பக்கமே வராதீங்கம்பீங்க."

அவள் முகம் வாடிப்போனது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பதவியில் இருப்பவள் பாவம் பார்த்தால் ஊர் போய்விடும்.

வீட்டுக்காரர் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் போனதும், "அந்தப் பொண்ணு சொல்றதுல என்ன தப்பு?" என்றார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த சுவரைப் பார்த்துக் கேட்டார். என் முகத்தைப் பார்க்கக்கூட அவருக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 14, செவ்வாய்

கரட்டை ஒட்டிய முதல் விளக்கை யாரோ உடைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 17, வெள்ளி

நேற்று சாயங்காலம் அவருக்குச் சோறு போட்டேன். முன்பெல்லாம் எட்டு மணிக்கு வந்து நிதானமாகச் சாப்பிட்டுப் பேசிவிட்டுக் கிடைக்குப் போவார். இப்போது பொழுது சாய்வதற்குள் அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஓடுகிறார். யார் காத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

நேற்று கொஞ்சம் நேரமாகிவிட்டது. கிளம்பும்போது வாசலில் வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியில் இடித்துக்கொண்டு விழுந்தார். தூக்கிவிடுகிற சாக்கில் மூக்கை அருகில் கொண்டுபோனேன். சாராய வாடை இல்லை.

"எப்ப இருந்து குடிக்கிறீங்க?" என்றேன், இருந்தாலும்.

"குடிச்சிருந்தா நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிப்ரவரி 21, செவ்வாய்

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

நேற்று அமாவாசை. தொலைநோக்கியில் வானம் காட்டுகிறோம், வாருங்கள் என்று தனசிங் வீடு வீடாகக் கூப்பிட்டான். யாரும் போக வேண்டாம் என்று நான் சொல்லிவைத்திருந்தேன். யாரும் போகவில்லை. என் வீட்டுக்காரரைத் தவிர.

மாட்டைத் தேடிப் போகிற மாதிரி நானும் கரட்டடிக்குப் போனேன். பாறையின் மேல் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். சுபத்ரா அவருடைய கையைப் பிடித்துத் தூக்கி வானத்தில் எதையோ காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். அவள் மறுபடியும் கையைப் பிடித்து வேறு பக்கம் திருப்பினாள். ரொம்ப நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு பாறையிலிருந்து இறங்கும்போது அவள் முன்னால் நடந்தாள். அவர் கை அவள் கைக்குள் இருந்தது.

காலையில் கேட்டேன். "கையப் புடிச்சுக்கிட்டு என்ன நடை?"

"வழி சரியில்ல. புடிச்சுக்கிட்டா."

சிறுவயது முதல் ஆடு ஓட்டிக்கொண்டு ஏறி இறங்கும் பாதை. அந்தப் பாதை அவருக்குச் சரியில்லையாம். எங்கிருந்தோ வந்தவள் வழி காட்டுகிறாளாம்.

"என்ன பேசினீங்க?"

"மீனப் பத்தி."

நட்சத்திரத்தை எங்கள் பக்கம் மீன் என்போம். கல்யாணமான புதிதில் கிடைக்கு என்னையும் கூட்டிப்போய், கார்த்திகைக் கூட்டமான ஆறாமீன் எது, விடிவெள்ளி எது என்று காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு என்னிடம் பேச அவருக்கு மீனும் இல்லை, வானமும் இல்லை.

பிப்ரவரி 28, செவ்வாய்

வரிசையாக உடைகின்றன. கரட்டுப் பக்கமிருந்து ஊருக்குள் வந்துகொண்டிருக்கிறது. எப்போதும் விளக்கு எரியத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில்தான். சத்தம் கேட்டு ஓடிப்போனால் கண்ணாடித் தூள்தான் கிடக்கிறது, ஆள் இல்லை. லைன்மேன் ராசு ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, "ஒரே கல்லுல அடிச்சிருக்காய்ங்க மதினி. குறி தப்பல. கவண்ல அடிச்ச மாதிரி இருக்கு" என்றான்.

இருட்டு யாருக்கு வேண்டும் என்று யோசித்தால் பதில் சமுதாயக்கூடத்தில் இருக்கிறது.

கம்பத்தடியில் ஒரு கல் கிடந்தது. உருண்டையான, வழவழப்பான ஓடைக் கல். கவணில் வைப்பதற்கென்றே பொறுக்கியது போல இருந்தது. எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். ஓடைக்குப் போனால் யாருக்கும் கல் கிடைக்கும்.

மார்ச் 4, சனி

ஓடைப் பாதையின் கடைசி விளக்கும் போய்விட்டது. வேலுத்தாய் வந்து வாசலில் நின்றாள். "அத்த, எங்க அம்மா செத்த எடத்துல மறுபடியும் இருட்டாக்கிட்டாய்ங்களே. நீங்க தலைவரா இருந்து என்ன பண்றீங்க?"

செல்லத்துரை அண்ணனோடு காவல் நிலையம் போனேன். எஸ்.ஐ., "யார் மேல சந்தேகம்?" என்றார். தனசிங் பெயரைச் சொன்னேன். இருட்டை அளக்க வந்தவர்கள், விளக்குக்கு மூடி போடச் சொன்னார்கள், நான் மறுத்த பிறகுதான் உடையத் தொடங்கியது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கல் எதுவும் கிடைத்ததா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஏன் இல்லை என்றேன் என்று தெரியவில்லை. வீட்டில் எங்கேயோ வைத்துவிட்டேன், தேடி எடுத்துப் போக நேரமில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 5, ஞாயிறு

தனசிங்கை நேற்றே கூட்டிப்போய்விட்டார்கள். இன்று மதியம் விட்டார்கள். கன்னம் வீங்கியிருந்தது. ஊருக்குள் நடந்து வரும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. சாயங்காலம் கிடைக்கும் போகவில்லை. "அடிச்சாய்ங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"அடிக்காம கொஞ்சுவாய்ங்களா?"

எழுந்து போய் ஆட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். சுபத்ராவின் ஆள் என்றதும் எவ்வளவு வருத்தம்.

மார்ச் 8, புதன்

போய்விட்டார்கள். முந்தாநாள் செல்லத்துரை அண்ணன் ஆட்களோடு போய்க் கரட்டில் இருந்த முக்காலியைப் பிடுங்கி உருட்டிவிட்டார். நான் சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை.

சாவியைக் கொடுக்க சுபத்ரா வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. சண்டை போடுவாள் என்று நினைத்தேன்.

"அம்மா, இதை உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு உங்க வீட்டு அண்ணன் என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. சொல்லாமப் போக மனசு வரலை. அவரைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. சீக்கிரம் போங்க."

என் புருஷனைப் பற்றி எனக்குத் தெரியாத ரகசியம் இவளுக்கு எப்படித் தெரிந்தது? அதிலேயே மனது நின்றுவிட்டது. சாவியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

மார்ச் 14, செவ்வாய்

பிள்ளையார் கோயில் முக்கில் விளக்கு உடைந்தது.

அவர்கள் போய் ஒரு வாரமாகிறது.

மார்ச் 16, வியாழன்

நிதானமாக எழுத வேண்டும்.

மிச்சமிருப்பது பள்ளிக்கூட விளக்குதான். இன்று பொழுது சாய்ந்ததும் பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் சரிவுப் பக்கம் கவண் கயிறு சுழலும் சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஓநாயை விரட்ட, வழிதவறிய ஆட்டைத் திருப்ப, எத்தனையோ முறை பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். கண்ணாடி நொறுங்கியது. இருட்டாகிவிட்டது.

நான் எழுந்து பார்த்தேன். நிலா இல்லை. ஆனாலும் நட்சத்திர வெளிச்சத்தில் அவர் நிற்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கவண் கையிலிருந்து தொங்கியது. தலையை அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். மேற்கே பார்த்தார். மெல்லத் திரும்பி உச்சியைப் பார்த்தார். கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு பார்த்தார். வானம் முழுக்க மீன் பொரிந்து கிடந்தது. எதையோ தொலைத்தவர் போல அவர் சுற்றிச் சுற்றித் தேடினார்.

பிறகு முழங்காலில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, பாதையின் ஓரக் கல்லைத் தடவித் தடவித் தவழ்ந்து வந்தார். ஊருக்கே வழி சொல்கிற மனுஷன்.

அவருக்கு எதிரே போய் நின்றேன். கை நீட்டினால் தொடுகிற தூரம். அவர் தலையைத் தூக்கினார். கண் என் மேல்தான் இருந்தது.

"யாரு?" என்றார்.

கையை அவர் முகத்துக்கு நேரே ஆட்டினேன்.

"யாருன்னு கேக்குறேன்ல?"

"நாந்தேன்."

கவணைக் கீழே போட்டார். நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"குருவு, மீனெல்லாம் எங்க போச்சு?" என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

போன மழைக்காலத்திலிருந்தே சின்ன மீன்கள் தெரியவில்லையாம். பனி என்று நினைத்தாராம். பிறகு ஆறாமீன் கலங்கிப்போனதாம். தை மாதம் விளக்கு போட்டதும் எல்லாமே போய்விட்டதாம். "அப்ப உன் லைட்டுதேன் எல்லாத்தையும் முழுங்கிருச்சுன்னு நெனச்சேன். ஒன்ன ஒடச்சுப் பாத்தேன். தெரியல. அடுத்த லைட்டு வெளிச்சம்தேன் மறைக்குதுன்னு அதையும் ஒடச்சேன். ஓடைப் பாதை லைட்ட ஒடச்ச அன்னைக்கு வேலுத்தாய நெனச்சு அழுதேன். இது கடைசி லைட்டு. இதுக்கு மேல ஒடைக்க ஒன்னும் இல்ல."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"ஆறாமீன் எங்கண்ணே இருக்குன்னு கேட்டுச்சு. மனக்கணக்குல கையக் காட்டுனேன். அங்க இல்ல போல. புரிஞ்சுக்கிருச்சு. கண்ணக் காட்டுங்கன்னு அன்னைக்கே சொன்னுச்சு. நாந்தேன் லைட்டுன்னே சாதிச்சேன். லைட்ட ஒடைக்கிறது நான்னு அதுக்குத் தெரியாது."

"தனசிங்கப் புடிச்சு அடிச்சாய்ங்களே. அப்பக்கூடவா சொல்லத் தோணல?"

"லைட்ட ஒடச்சேன்னு சொன்னா, ஏன் ஒடச்சேன்னும்ல சொல்லணும்? கண்ணு போனவன நம்பி எவன் ஆட்ட விடுவான்? தலைவர் புருசன் குருடன்னு ஊரு சிரிக்காதா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவரைத் திட்டும் தகுதி எனக்கு இல்லை. அவர் கவணுக்குப் பொறுக்கும் கல்தான் அது என்று, எடுத்த அன்றைக்கே என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவைத்தேன். காவல் நிலையத்தில் இல்லை என்றேன். அவனை அடித்ததில் என் கையும் உண்டு.

எழுப்பி என் தோளைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்துக்கொண்டார்.

மார்ச் 20, திங்கள்

மதுரையில் கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்காரவைத்து, ஏதேதோ பார்த்தார்கள். டாக்டர் பொறுமையானவர். கண்ணின் உள்திரை ஓரத்திலிருந்து வாடிக்கொண்டே வருகிறதாம். இருட்டில்தான் முதலில் தெரியாமல் போகுமாம். பகல் பார்வையும் மெல்ல மெல்லக் குறுகும், எத்தனை வருடம் என்று சொல்ல முடியாது என்றார். மருந்து இல்லை. அவருடைய அப்பா அம்மா சொந்தத்தில் கட்டியவர்களா என்று கேட்டார். ஆமாம், மாமன் மகள். திருப்பூரில் இருக்கும் எங்கள் மகனையும் கூட்டிவந்து காட்டச் சொன்னார்.

பேருந்தில் வரும்போது அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கும்வரை ஒவ்வொரு ஊர்ப் பெயர்ப் பலகையாக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தார்.

மார்ச் 21, செவ்வாய்

நாளைக்கு கிராமசபை. அங்கே எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்று செல்லத்துரை அண்ணனிடம் மட்டும் சொன்னேன்.

"தங்கச்சி, போனவய்ங்க போயிட்டாய்ங்க. பழி அவய்ங்க மேலயே கெடக்கட்டும். அவய்ங்க என்ன, திரும்பி வந்து கேக்கப் போறாய்ங்களா? நீ வாயத் தொறந்தா உனக்கும் கேவலம், மச்சானுக்கும் கேவலம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அடுத்த தேர்தலுக்கு இதை வைத்துக்கொள்வார் என்றும் தோன்றியது. இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

மார்ச் 22, புதன்

சொல்லிவிட்டேன்.

தண்ணீர் தினத் தீர்மானம் வாசித்து முடித்ததும் எழுந்து நின்று, விளக்கை உடைத்தது என் வீட்டுக்காரர், வந்தவர்கள் மேல் நான் கொடுத்த புகார் தப்பு, எனக்குச் சந்தேகம் இருந்தும் மறைத்தேன் என்றேன். கண் விஷயத்தையும் சொன்னேன். அவர் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். வர வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒருவர் ராஜினாமா செய் என்று கத்தினார். அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். வேலுத்தாய் எழுந்தாள்.

"எங்க அம்மா செத்த எடத்து லைட்டையுமா மாமா ஒடச்சாக?"

"ஆமா" என்றேன்.

"தெரிஞ்சுக்கிட்டேதேன் என்னய வச்சு ஸ்டேசனுக்குப் போனீகளா அத்த?"

அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். வேப்பமரத்தடியில் அவரைத் தாண்டும்போது நின்றாள். அடித்துவிடுவாளோ என்று பயந்தேன். அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆட்டை விற்று விளக்கைத் திரும்பப் போட்டுத் தருகிறேன் என்று அவர் அங்கேயே சொன்னார். சத்தமாகச் சொன்னார்.

மார்ச் 24, வெள்ளி

காவல் நிலையம் போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றேன். எஸ்.ஐ. நிறையப் பேசினார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். வீட்டுக்காரரை எச்சரித்து எழுதி வாங்கினார்.

வெளியே வந்து சுபத்ராவுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். "அண்ணனைக் காட்டினீங்களா? டாக்டர் என்ன சொன்னாரு?" என்றாள். அவ்வளவையும் கேட்டுவிட்டு, எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம் என்றாள். தனசிங்கிடம் பேச வேண்டும் என்றேன். போனைக் கொடுக்கப் போனாள். அவன் வேண்டாம் என்று சொல்வது எனக்குக் கேட்டது.

அது என் காதில் விழுந்ததும் நல்லதுதான்.

ஏப்ரல் 15, சனி

புது விளக்குகள் எரிகின்றன. தகர மூடி வெட்டி ராசுவே மாட்டினான். சுபத்ரா சொன்னபடி வெளிச்சம் முழுவதும் பாதையில் விழுகிறது. ஓடைப் பாதையில் முதலில் மாட்டச் சொன்னேன். வேலுத்தாய் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அந்த விளக்கின் வழியாகத்தான் போய் வருகிறாள்.

ஆட்டில் பாதி போய்விட்டது. மிச்சத்தைப் பகலில் மட்டும் மேய்த்துவிட்டு வீட்டுக் கொட்டகையில் அடைக்கிறார். ராத்திரி வீட்டில் படுக்கிறார். தூங்குவதில்லை. மகன் அடுத்த மாதம் லீவு போட்டு வருகிறேன் என்றிருக்கிறான். கண்ணைக் காட்ட வேண்டும் என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 23, ஞாயிறு

சாயங்காலம் பாறைக்குப் போக வேண்டும் என்றார். கூட்டிப்போனேன். தெரு வழியாகவே போனோம், அவர் கை என் தோளில். டீக்கடையில் பேச்சு நின்றது. நாங்கள் தாண்டியதும் மறுபடி தொடங்கியது.

மேலே போய் உட்கார்ந்தபோது இருட்டிவிட்டது. காற்று இல்லை. ஒரே புழுக்கம்.

"ஆறாமீன் இந்நேரம் மேக்க எறங்கியிருக்கும். இருக்கா பாரு."

பார்த்தேன். மேற்கே ஒன்றுமில்லை. உச்சியிலும் இல்லை. வானம் முழுக்க மூடிக் கிடந்தது.

"தெரியல. மேகமா இருக்கு."

"ஒன்னுகூடவா?"

"ஒன்னுகூட இல்ல."

அவர் என் பக்கம் திரும்பினார். நான் இருக்கும் இடத்தைச் சரியாகப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதத நீ மட்டும் பாத்தா நான் வருத்தப்படுவேன்னுதேன் மேகம்னு சொல்றியா?"

"இல்லங்க. மேகந்தேன்."

"நெசமா?"

இந்த மூன்று மாதமும் நான் அவருடைய ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை. இப்போது என் சொல்லைத் தவிர அவருக்கு வேறு வானம் இல்லை. என்ன சத்தியம் செய்தாலும் அதுவும் இன்னொரு சொல்லாக மட்டும்தான் இருக்கும். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவருடைய புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். இன்னொன்று நெற்றியில் விழுந்தது. சூடான பாறையிலிருந்து மண்வாடை கிளம்பியது.

"சரி, சரி" என்றார். "மேகந்தேன்."

தோளைப் பிடித்துக்கொண்டார். நனைந்துகொண்டே இறங்கினோம்.